‘கோயம்புத்தூர் 2’ என்று ஒரு போர் விமானம்

இன்னைக்கு எபிசோட் ஒரு பிளாஸ்டிக் விமானத்தைப் பற்றி. ஆமா, ஹிஸ்டரி பாட்காஸ்ட்தான், நீங்க தப்பான லிங்க்கைத் தட்டிடல. பின்னாடி ‘ஊ’ன்னு கேட்கிறது காற்று. பாஞ்சாலங்குறிச்சியில் உட்கார்ந்து பேசுறேன், காத்து இல்லாத இடம் இந்தப் பக்கம் கிடையாது. ஏன் இங்கே வந்து பதிவு பண்றேன்னு பிற்பாதியில் சொல்றேன். முதலில் விமானம்.

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 17 சென்டிமீட்டர்கூட வராத ஒரு சின்ன மாடல். முழுக்கக் கறுப்பு. அதன் பக்கவாட்டில் ஒரு பெயரை ஒட்ட வேண்டும். ஆங்கில எழுத்தில், ரோமன் எண்ணோடு: கோயம்புத்தூர் 2.

இது யாரோ தமிழ் ஆர்வலர் கற்பனையாகச் சேர்த்தது இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸில் நிஜமாகவே பறந்த விமானம். ரகம் போல்டன் பால் டிஃபயன்ட். பதிவு எண் என் 1801. உடம்பில் எழுதியிருந்த குறியீடு பி.எஸ்-பி. அது இருந்த படைப்பிரிவின் முழுப் பெயர், நம்பர் 264 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்.

ஸ்கேல் மாடல் செய்கிறவர்களிடம் இந்த விமானம் ரொம்பப் பிரபலம். டிஃபயன்ட் கிட் ஒன்றைக் கையில் எடுக்கிற யாரோ ஒருத்தர், போலந்திலோ ஜப்பானிலோ, ராத்திரி லேம்ப் வெளிச்சத்தில் இந்தப் பெயரை இடுக்கியால் பிடித்து ஒட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த ஊர் எங்கே இருக்குன்னு அநேகமாகத் தெரியாது. நமக்கு ஊர் எங்கே இருக்குன்னு நல்லாத் தெரியும், இப்படி ஒரு விமானம் இருந்ததுதான் தெரியாது.

சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவங்களுக்கு ‘கிட் பிளேம்’ன்னா என்னன்னு தெரியும். ஒரு கோடில் எந்த வரியை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் கட்டளை. அந்த கிட் வேற, மாடல் கிட் வேற. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒண்ணுதான். இன்றைக்கு இந்த ஒரு டிகால் மேலே கிட் பிளேம் போட்டுப் பார்க்கப்போறோம். அந்தப் பெயரை யார் எழுதினது, யார் காசு கொடுத்தது, யார் கொடுக்காதேன்னு சொன்னது.

அதற்கு முன்னால், இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம். ஏன் 1:72 என்று ஒரு விநோதமான அளவு? 50 இல்லை, 100 இல்லை, 72. காரணம் அடி, அங்குலம். ஓர் அங்குலத்தை ஆறு அடி என்று வைத்தால் 1:72. ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மை ஆவான். 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரக் கிட்களுக்கு இந்த அளவை வைத்தார். 1936-இல் ஃபிராக் நிறுவனம் ‘பெங்குவின்’ என்ற பெயரில் இதே அளவில் பிளாஸ்டிக் கிட் போட்டது. பெயர்க் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அவர்களின் மற்ற மாடல்கள் பறக்கும், இது பறக்காது.

போர் வந்ததும் விளையாட்டு, வேலையாக மாறியது. வானத்தில் வருவது நம்ம விமானமா எதிரி விமானமா என்று சில நொடிகளில் சொல்லத் தெரிய வேண்டும். 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் கேட்டது. 50 ரகம், ஒவ்வொன்றிலும் 10,000. எல்லாம் 1:72, எல்லாம் கறுப்பு. 35 அடி தள்ளி அந்த மாதிரியைத் தூக்கிப் பிடித்தால், நிஜ விமானத்தைக் கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, 35-ஐ 72-ஆல் பெருக்கினால் 2,520 அடி. போர் முடிந்த பிறகு அதே விமானங்கள் பிள்ளைகளின் பொம்மைகளாகத் திரும்பி வந்தன. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1953-இல் ஒரு ஸ்பிட்ஃபயர் கிட்டை வெளியிட்டது. வடிவத்தில் நிறையத் தவறு, ஆனாலும் விற்றுத் தீர்ந்தது. இரண்டு வருஷத்தில் திருத்தி வேறு ஒன்று போட்டார்கள். 2010-களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் ‘மேட் இன் இந்தியா’ என்று இருக்கும். இதை நினைவில் வச்சுக்கோங்க.

சரி, டிஃபயன்ட். போர் விமானங்களிலேயே இதன் டிசைன் ஒரு தனி ரகம். சாதாரண ஃபைட்டரில் பைலட் ஒருவர், துப்பாக்கி முன்பக்கம் பார்த்து இருக்கும். டிஃபயன்டில் இரண்டு பேர். பைலட்டுக்குப் பின்னால் சுழலும் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் கன்னர், அவரிடம் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள். பைலட்டிடம் முன்பக்கம் சுடுகிற துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. ஓட்டுறது ஒருத்தர், சுடுறது இன்னொருத்தர். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஐடியா. நம்ம டிசைன் மீட்டிங்கில் எல்லாரும் தலையாட்டி, புரொடக்‌ஷனில் போய் விழுகிற ஐடியாக்கள் மாதிரி.

முதலில் ஓடியது. 1940 மே 29, டன்கிர்க் கடற்கரைக்கு மேலே, 264 ஸ்குவாட்ரன் ஒரே நாளில் சுமார் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னது. போருக்குப் பிறகு ஜெர்மன் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது அந்த எண் பெரிய அளவில் சுருங்கியது. ஒரே விமானத்தை நாலு பேர் சுட்டு, நாலு பேரும் கணக்கில் எழுதினால் அப்படித்தான் ஆகும். பின்னாலிருந்து வந்து தாக்கிய ஜெர்மானியர்கள் சீக்கிரமே விவரம் புரிந்துகொண்டார்கள்: கீழே இருந்தோ நேர் முன்னால் இருந்தோ வந்தால் டிஃபயன்ட் ஒன்றும் செய்ய முடியாது. ஆகஸ்ட் 24-ஆம் தேதி 264-இன் தலைவர் பிலிப் ஹன்டர் ஒரு ஜெர்மன் விமானத்தைத் துரத்திக்கொண்டு போனார். திரும்பவே இல்லை. அந்த மாதக் கடைசிக்குள் ஸ்குவாட்ரன் பெரும் இழப்போடு பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டது.

அதன் பிறகுதான் கறுப்புப் பெயின்ட். பகலில் தோற்ற விமானத்தை இரவு வேட்டைக்கு அனுப்பினார்கள். இங்கே வருகிறார்கள் டெஸ்மண்ட் ஹ்யூஸ் என்ற வட அயர்லாந்துப் பைலட்டும், ஃபிரெட் கேஷ் என்ற கன்னரும். இந்த ஜோடி டிஃபயன்டில் சேர்ந்து ஐந்து விமானங்களை வீழ்த்தியது. ஹ்யூஸ் பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் வரை போனார். 1941-இல் இவர்கள் இரண்டு பேரும் பறந்த கறுப்பு விமானம்தான் கோயம்புத்தூர் 2.

சுமார் ஆயிரத்துச் சொச்சம் டிஃபயன்ட்கள் செய்யப்பட்டன. இன்றைக்கு உலகத்தில் முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, பிரிட்டனின் ஆர்.ஏ.எஃப். மியூசியத்தில். அதாவது நம்ம ஊர்ப் பெயர் தாங்கிய அந்த விமானம் இப்போது இருக்கிற ஒரே இடம், மாடல் செய்கிறவர்களின் அலமாரி.

இப்போ கேள்விக்கு வருவோம். கெண்ட்டுக்கும் லண்டனுக்கும் மேலே பறந்த விமானத்தில் கோயம்புத்தூர் ஏன்?

1940 மே மாதம் லார்ட் பீவர்புரூக் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் ஆனார். அவர் அடிப்படையில் பத்திரிகை முதலாளி, விளம்பரம் தெரிந்த ஆள். ஒரு ஸ்பிட்ஃபயரின் விலை 5,000 பவுண்ட் என்று ஓர் உருட்டு எண்ணை வைத்தார். உண்மையான செலவு அதைவிட அதிகம். அந்தத் தொகையைக் கொடுக்கும் ஊர், கம்பெனி, மகாராஜா யாராக இருந்தாலும் அவர்கள் சொல்லும் பெயர் ஒரு விமானத்தில் எழுதப்படும். கையில் காசு இல்லாதவர்களுக்குப் பாகம் பாகமாக விலைப்பட்டியல். ஒரு ரிவெட் ஆறு பென்ஸ். இன்றைய பாஷையில் சொன்னால் க்ரவுட்ஃபண்டிங்.

அப்போது ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று மாற்று விகிதம் கட்டப்பட்டிருந்தது. அப்படியானால் ஒரு ரிவெட் அஞ்சணா நாலு பை. ஒரு விமானம் சுமார் 66,667 ரூபாய். இந்தப் பணத்தால் தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு விமானம் உருவாகவில்லை. பணம் கஜானாவுக்குப் போகும். எப்படியும் தயாராகிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றில் பெயர் எழுதுவார்கள். பெரிய தொகை கொடுத்தால் விமானத்துக்குப் பதிலாக ஒரு ஸ்குவாட்ரனுக்கே பெயர். மெட்ராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று இல்லை, மூன்று: டிஃபயன்ட் ஓட்டிய 264, ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234, ஹரிகேன் ஓட்டிய 79. மூன்றுக்குமே பின்னொட்டு, மெட்ராஸ் பிரசிடென்சி.

66,667 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்று புரிய இன்னொரு வசூலோடு வைத்துப் பார்க்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர் ஒட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த ஊர். 1906-இல் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம் என்று திட்டம். பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாக நம்ம ஆட்கள் நம்ம காசில் கப்பல் விட. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. அந்தப் 10 லட்சத்தை 66,667-ஆல் வகுத்தால் 15. ஒரு ஃபைட்டர் ஸ்குவாட்ரன் வழக்கமாக ஒரே நேரத்தில் 12 விமானங்களை மேலே அனுப்பும், கையிருப்பில் இன்னும் சில. ஆக, வ.உ.சி. கனவு கண்ட மொத்த முதலும் பீவர்புரூக் கணக்கில் ஒரு ஸ்குவாட்ரன். இடையில் 34 வருஷ விலைவாசி இருக்கிறது, ஒத்துக்கறேன். ஆனால் ஒன்று மனசில் நிற்கிறது. அந்தக் கம்பெனியை ஒடித்தது பிரிட்டிஷ் அரசு, வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தது அதே அரசு. அதே அரசு ஒரு தலைமுறைக்குப் பிறகு அதே ஜனங்களிடம் உண்டியல் நீட்டியது. காலியாவுக்கும் லாவோவுக்கும் யாரும் கிட் போடவில்லை என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

உண்டியலை நீட்டியவர் யார்? 1940 மார்ச்சில் மெட்ராஸ் கவர்னராக வந்த சர் ஆர்தர் ஹோப். காங்கிரஸ் மந்திரிசபை 1939 அக்டோபரிலேயே ராஜினாமா செய்துவிட்டது. எங்களைக் கேட்காமல் எங்களைப் போரில் சேர்த்தது எப்படி என்பதுதான் காரணம். ஆகவே அப்போது மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. அவர் போர் நிதி திரட்டினார்.

இந்த இடத்தில் நம்ம கரிசல் சீமையிலிருந்து ஓர் ஆள் குறுக்கே வந்து நிற்கிறார். கோவில்பட்டியிலிருந்து மதுரை ரோட்டில் போனால், சாத்தூரைத் தாண்டி விருதுநகர். காமராஜரின் ஊர். 1940-இல்தான் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் ஆகியிருந்தார். மாகாணம் முழுக்கச் சுற்றி, போர் நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று பேசினார். அந்த அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். அதில் சத்தியாகிரகி மக்களிடம் சொல்ல வேண்டிய செய்தியே, இந்தப் போருக்கு ஆளாகவோ பணமாகவோ உதவுவது தவறு என்பதுதான். சொன்னால் ஜெயில். ராஜாஜி டிசம்பரில் உள்ளே போனார். சத்தியாகிரகிகள் பட்டியலுக்குக் காந்தியிடம் ஒப்புதல் வாங்க வார்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காமராஜரை அதே டிசம்பரில் குண்டூரில் கைது செய்தார்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வழக்கு. குற்றம், போர் நிதிக்கு எதிராகப் பேசியது. வேலூர் ஜெயிலில் அடைத்தார்கள். உள்ளே இருக்கும்போதே விருதுநகர்க்காரர்கள் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்த பிறகு, கட்சிப் பொறுப்போடு இதையும் முழுசாகச் செய்ய முடியாது என்று அந்தப் பதவியை விட்டு விலகினார். அது தனி எபிசோட்.

கவனிச்சீங்களா? 1941-இல் இங்கிலாந்து வானத்தில் கோயம்புத்தூர் 2 பறந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பெயருக்கான காசைக் கொடுக்காதே என்று சொன்ன மனுஷன் வேலூரில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார். கிட் பெட்டியில் இருக்கும் கையேடு பெயின்ட் நம்பரைச் சொல்லும், பைலட் பெயரைச் சொல்லும், எந்த விமானத்தளம் என்று சொல்லும். இதைச் சொல்லாது.

கோயம்புத்தூரையே எடுத்துக்குவோம். அது மில் ஊர். போர்க்காலத்தில் துணிக்கு ஏகப்பட்ட கிராக்கி, மில்களுக்கு நல்ல வரும்படி. அங்கிருந்து இப்படி ஒரு தொகை போனதில் ஆச்சரியம் இல்லை. ‘2’ என்றால் அதற்கு முன்னால் ஒரு ‘1’ இருந்திருக்க வேண்டும். ஆனால் அதே கோயம்புத்தூர் மாவட்டத்தில், அடுத்த வருஷம், 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது சூலூர் விமான நிலையத்துக்குள் ராத்திரியில் புகுந்தவர்கள் அங்கிருந்த கொட்டகைகளையும் லாரிகளையும் கொளுத்தினார்கள். ஒரு விமானத்தின் உடம்பில் பெயராக இருந்த ஊர், பதினெட்டே மாத இடைவெளியில் ஒரு விமானத்தளத்துக்குத் தீ வைத்த ஊராகவும் இருந்தது. கொடுத்தவர்களும் கொளுத்தியவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. பிரிட்டிஷ்காரன் பெயர் எழுதும்போது அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. ஊர் மொத்தமும் கொடுத்த மாதிரி எழுதினான்.

இதைக் கேட்டுட்டு, ‘அப்போ கொடுத்தவன் எல்லாம் துரோகியா’ன்னு கமென்ட் போடக் கிளம்பிடாதீங்க. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹிட்லரை யாராவது நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. போர் நம்ம வாசலுக்கும் வந்தது: 1942 ஏப்ரல் 5 கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மெட்ராஸ் நகரமே பாதி காலியானது. பர்மாவிலிருந்து நம்ம ஜனங்கள் ஆயிரக்கணக்கில் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த வருஷம்தான் 79 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன் இந்தியாவுக்கு மாற்றப்பட்டு, பர்மா முனையில் பறக்க ஆரம்பித்தது. முதலில் ஹரிகேன், 1944-இல் தண்டர்போல்ட். 1945 கடைசியில் பர்மாவின் மெய்க்டீலாவில் கலைக்கப்பட்டது. அதே போர்முனையின் மறுபக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். மேலே மெட்ராஸ் பெயரில் விமானம், கீழே எதிர்ப்பக்கத்தில் மெட்ராஸ் மாகாணத்துப் பிள்ளைகள். நான் இதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றில் எனக்குத் தெளிவு உண்டு: கொடுக்காதே என்று சொல்பவனை ஜெயிலில் போட்டுவிட்டு வாங்கிய பணத்துக்கு ‘நன்கொடை’ என்று பெயர் வைப்பது பெரிய பொய்.

என்னோட பெஞ்சில் இருக்கும் டிஃபயன்டைப் பற்றி ரெண்டு வார்த்தை, மாடல் பண்றவங்க கேட்டுட்டே இருக்கீங்க. கஷ்டமே கன்னரின் கண்ணாடிக் கூண்டுதான். அதன் ஒவ்வொரு சட்டத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டணும். கறுப்பை அப்படியே பாட்டிலிலிருந்து அடிக்காதீங்க. இத்தனை சின்ன அளவில் சுத்தக் கறுப்பு அடித்தால் பொம்மை மாதிரி ஆயிடும், கொஞ்சம் சாம்பல் கலக்கணும். டிகால் ஒட்டும் முன்னால் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம், இல்லாட்டி அடியில் காற்று மாட்டி வெள்ளை வெள்ளையாத் தெரியும். கறுப்பு விமானத்தில் அது இன்னும் அசிங்கம். அப்புறம் டிகாலை வெட்டி, தண்ணியில் அரை நிமிஷம் ஊறப் போட்டு, பிரஷ்ஷால் மெதுவாத் தள்ளணும். 1:72-இல் கோயம்புத்தூர் என்ற எழுத்து கடுகு கடுகாக இருக்கும், லென்ஸ் வச்சுப் படிக்கணும். ஆடிக்காத்து அடிக்கிற நாளில் இந்தப் பக்கம் யாரும் பெயின்ட் அடிக்க வேண்டாம். கரிசல் புழுதி எந்த ஜன்னலுக்கும் அடங்காது.

சரி, பாஞ்சாலங்குறிச்சிக்கு ஏன் வந்தேன்?

ஒரு ஊர்ப் பெயரை விமானத்தில் எழுதிய கதையைச் சொன்னேன். அதே அதிகாரம் ஓர் ஊர்ப் பெயரை அழிக்கப் பார்த்த இடம் இது. கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகப் போறேன். 1799 அக்டோபர் 16 கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள், இங்கே இருந்த கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2 ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, சில நாட்களிலேயே கோட்டையைத் திரும்ப எழுப்பினார். மார்ச் 31 கம்பெனிப் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. பெரிய பீரங்கிகளோடு மறுபடி வந்து மே 24-இல்தான் பிடிக்க முடிந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள், அரசாங்கப் பதிவேடுகளில் இருந்து ஊர்ப் பெயரையே எடுத்தார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நவம்பரில் ஊமைத்துரையை இங்கேயே கொண்டுவந்து தூக்கில் போட்டார்கள்.

நீங்க இங்கே சுற்றுலா வந்தால் பார்க்கிற கோட்டை 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளம் பக்கத்திலேயே, தொல்லியல் துறை வேலிக்குள் இருக்கிறது. நம்ம மனசில் இருக்கிற பாஞ்சாலங்குறிச்சியோ 1959-இல் வந்த சிவாஜி படம், அதில் வருகிற போர்க் காட்சிகள் ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுத்தவை. ஆகவே நமக்குக் கோட்டை என்றாலே ராஜஸ்தான் மாதிரி கல்லும் கோபுரமும்.

மாடல் பண்றவன் புத்தி என்ன சொல்லும்? அளவு எங்கே? அளவு இருக்கிறது. 1801 சண்டையில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-இல் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் கோட்டையை விவரிக்கிறார். கோணலான நீள்சதுரம். இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி. சுவர் பெரும்பாலும் 12 அடி உயரம், ஆங்காங்கே சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். முழுக்க முழுக்க மண். கல் கிடையாது. பிசுபிசுப்பான, கெட்டியான மண்.

இதை 1:72-க்கு மாற்றினேன். நீளம் 83 அங்குலம், கிட்டத்தட்ட ஏழடி. அகலம் 50 அங்குலம், நாலடிச் சொச்சம். ஒரு பெரிய கட்டில் அளவு. ஆனால் சுவரின் உயரம்? இரண்டே அங்குலம். டிஃபயன்டைப் பக்கத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய சுவர் உயரத்துக்கு நிற்கும். கம்பெனிப் படையை முதல் தாக்குதலில் திருப்பி அனுப்பிய கோட்டை, ஓர் ஒற்றை எஞ்சின் விமானத்தைவிடப் பெரிய உயரம் இல்லை. கல் சுவர் குண்டு பட்டால் தெறித்து விழும். மண் சுவர் குண்டை விழுங்கும். பெரிய பீரங்கிகள் வரும்வரை அவர்களால் சுவரில் வழி திறக்க முடியாததற்கும், இடித்த கோட்டை சில நாளில் மறுபடி எழுந்ததற்கும் அதுதான் காரணம். மண்ணுக்கு எங்கேயும் போக வேண்டாம், காலடியில் இருக்கு. ஜனமும் இருந்தது, கூலியோ உண்டியலோ நீட்டாமல் வந்த ஜனம்.

இதற்குக் கிட் எந்தக் கம்பெனியும் போடப் போவதில்லை. அதனால் மூலையில் ஒரு கொத்தளமும் இரண்டு பக்கமும் ஒரு சாண் சுவரும் மட்டும் நானே செய்கிறேன். வெறும் கரிசல் மண்ணைக் குழைத்து வைத்தால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். மணலும் பொடிசாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, ஃபெவிகால் கலந்த தண்ணீரில் பிசைந்தால் நிற்கிறது. மெல்லிசாக விழும் வெடிப்பை அப்படியே விட்டுவிடலாம், இந்தப் பக்கத்துச் சுவர்கள் அப்படித்தான் இருக்கும். வைக்கோல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் அளவு கெட்டுவிடும், 1:72-இல் அது மூங்கில் கழி மாதிரித் தெரியும். சல்லடை முக்கியம், மாவு சலிக்கிற சல்லடையே போதும். அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க.

கோயம்புத்தூர் 2-க்கு ஒரு மரப் பலகை வைத்திருக்கிறேன். பலகையில் பெயர்த்தகடு வைப்பது மாடல்காரர்கள் வழக்கம்: விமானம், எண், ஸ்குவாட்ரன், வருஷம். அதில் ஹ்யூஸ், கேஷ் பெயர்களுக்குக் கீழே இன்னொரு வரி போட்டிருக்கேன். 1940 டிசம்பர், குண்டூர், கு. காமராஜ் கைது. போட்டிக்கு அனுப்பினால் ஜட்ஜ் குழம்புவார். குழம்பட்டும், கேட்டால் சொல்லலாம்.

சூலூரில் பின்னாளில் இந்திய விமானப்படையின் தேஜஸ் ஸ்குவாட்ரன்கள் இருந்திருக்கின்றன. தேஜஸ் கிட் கைக்குக் கிடைத்தவர்கள் படம் அனுப்புங்க. உங்க ஊர் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் போர் நிதி ரசீது, பேட்ஜ் மாதிரி ஏதாவது கிடந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம். காத்து இன்னும் ஜாஸ்தியாகுது, மைக் தாங்காது. வர்றேன் மக்களே.